விழுங்கும் தபால்பெட்டி

என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. இங்கிலீஷில் அதைச் சிலர் 'இஸட்-எச்' போட்டு எழுதுவார்கள். சிலர் 'எல்' போட்டு எழுதுவார்கள். யாரையும் திருத்தும் உத்தேசம் எனக்கில்லை. ஆகையால் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் டொமைன் வாங்கினேன். முதலாவதில் என் தளம். இரண்டாவதை அதே ஸர்வரில் 'பார்க்' செய்து வைத்தேன். எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கம் திறந்தது. காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு புத்தகக் கண்காட்சியில் மலையாள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரித்தேன். என் கதை ஒன்றை மொழிபெயர்க்க அனுமதி கேட்டு மூன்று முறை மின்னஞ்சல் எழுதினாராம். பதிலும் இல்லை, கடிதம் திரும்பி வரவும் இல்லை. கர்வம் பிடித்த மனுஷன் என்று தீர்மானித்துவிட்டார். அவர் எழுதியது 'எல்' முகவரிக்கு.

ஸர்வரை நிர்வகிக்கும் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த டொமைன் மெயிலை பிளாக்ஹோல்ல போட்டிருக்கோம் சார். எல்லாம் ஸ்பாம்தான். நிஜமா யார் சார் அதுக்கு எழுதப் போறாங்க?"

எழுதியதை எல்லாம் படிக்காமலே விழுங்கிவிட்டு, யார் எழுதப் போகிறார்கள் என்று கேட்கிற நியாயத்தை என்னவென்று சொல்ல!

பக்கம் போகிற வழி வேறு, தபால் போகிற வழி வேறு. தபாலுக்கு வழி சொல்வது எம்.எக்ஸ். என்ற பதிவு. அது ஸர்வரைக் காட்டினாலும் போதாது. முதல் டொமைனில் இருக்கும் முகவரி, பார்க் செய்த டொமைனில் தானாக முளைத்துவிடாது. ஸீபேனலில் அதற்கென்று தனியாக ஃபார்வர்டர் போட வேண்டும், அல்லது டொமைன் முழுவதையும் திருப்பிவிட வேண்டும். முகவரி இல்லாத கடிதத்தை என்ன செய்வது என்பதற்கும் அங்கே இடம் உண்டு: அனுப்பியவருக்குப் பிழை சொல்லி மறுக்கலாம், சத்தமில்லாமல் அழிக்கவும் செய்யலாம். இரண்டாவதைச் சிபாரிசு செய்வதில்லை என்று அந்த மென்பொருளே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் இளைஞர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்!

மின்னஞ்சலுக்கு ஒரு தர்மசாஸ்திரம் இருக்கிறது. 2008-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5321 என்பது அதன் பெயர். 'பெற்றுக்கொண்டேன்' என்று ஸர்வர் ஒப்புக்கொண்டபின், கடிதத்தைச் சேர்ப்பிப்பதோ, சேர்க்க முடியவில்லை என்று தெரிவிப்பதோ அதன் பொறுப்பு. மோசடி என்று பலமான நிச்சயம் இருந்தால் ஓசையின்றித் தள்ளலாம் என்று அதில் ஒரு விலக்கு உண்டுதான். உறையைக்கூடப் பார்க்காமல் ஒரு டொமைனின் தபாலையே அழிப்பது எந்த நிச்சயத்தில் சேர்த்தி?

அப்படியானால் வருவதையெல்லாம் உங்கள் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டார் இளைஞர், கொஞ்சம் கோபத்தோடு. அதுவும் தப்பு. ஸ்பாம் அனுப்புகிறவன் ஆயிரம் கற்பனைப் பெயர்களுக்கு அனுப்புவான்; அத்தனையும் நம் ஸர்வரின் கையால் போய்ச் சேர்ந்தால் கெடுவது நம் ஸர்வரின் பெயர். போதாக்குறைக்கு, திருப்பி அனுப்பும்போது அனுப்பியவர் பெயர் பழையதாகவும் ஸர்வர் புதியதாகவும் இருப்பதால் எஸ்.பி.எஃப். சோதனை தோற்கும். எஸ்.ஆர்.எஸ். என்னும் முறையில் உறை முகவரியை மாற்றி எழுதினால் அந்தச் சங்கடம் தீரும். அதைப் போட்டிருக்கிறார்களா என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நான் கேட்டது பெரிய காரியமில்லை. மூன்றே மூன்று முகவரிகளைப் பெயர் சொல்லித் திருப்புங்கள்; மற்றதை வாசலிலேயே பிழை சொல்லி மறுத்துவிடுங்கள். தபாலே வேண்டாத டொமைன் என்றால் அதையும் பகிரங்கமாக அறிவிக்க 2015 முதல் ஆர்.எஃப்.சி. 7505 வழி வைத்திருக்கிறது. எம்.எக்ஸ். பதிவில் ஒரு புள்ளி போதும்; எழுதியவருக்குக் கையோடு தெரிந்துவிடும்.

கால் மணி நேரத்தில் செய்து கொடுத்தார். எட்டு மாதத்தில் விழுங்கிய கடிதங்களின் பதிவேடு கிடைக்குமா என்று கேட்டேன். பழையவை அழிந்துவிட்டன என்றார். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. அதற்குள் வேறொருவருடைய கதையை எடுத்துக்கொண்டுவிட்டாராம்.