ஒரே கல்லறை, ஒரே தேர்: தமிழகத் திருச்சபைகளிடம் இறைமக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழகத்தின் ஆயர்களுக்கும் பேராயர்களுக்கும், பங்குத்தந்தையருக்கும் சேகர குருமாருக்கும், பங்குப் பேரவைகளுக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும், இச்சபைகளின் இறைமக்களாகிய நாங்கள் முன்வைக்கும் சாசனம் இது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 44 லட்சம் பேர். அலுவலகத்திலும் டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: “உங்க சாமிக்கு எல்லாரும் பிள்ளைங்கதானே? அப்புறம் செத்தவங்களுக்கு நடுவுல எதுக்குச் சாதிச் சுவர்?” இப்படிக் கேட்பவரை மதவிரோதி என்று ஒதுக்குவது எளிது. “மனிதரைப் பார்க்காதே, இயேசுவைப் பார்” என்று சொல்லி நழுவுவது அதைவிட எளிது. அவர் நம் வேதத்தைக் குறை சொல்லவில்லை. வேதத்தை நாம் கைக்கொள்ளவில்லை என்கிறார். நம்மை வெளிவேடக்காரர் என்பவருக்கு வாயால் பதில் சொல்லி முடியாது. செய்து காட்டுவதே பதில்.

நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. சாதி வேற்றுமை சபைக்குள் உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியது 1833-ல். போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே இதை நேரில் வலியுறுத்தியது 2003-ல். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2016-ல். முடியாத காரியமும் அல்ல. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிவாரியாக இரண்டு நடைகளோடு கட்டிய கோயிலின் தடுப்பை 1910-ல் காசனல் அடிகளார் அகற்றினார். எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். ஒரு பாதிரியார் ஒரே ஊரில் அன்று செய்ததை எல்லா ஊரிலும் செய்ய இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்? எங்கள் கேள்வி அது ஒன்றுதான்.

1. கல்லறை

ஒவ்வொரு பங்கிலும் சேகரத்திலும் கல்லறைத் தோட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வாசல், சவம் சுமக்கும் ஒரே தூம்பா, ஒரே பதிவேடு. இறந்தவரின் சாதி பார்க்காமல், இறந்த வரிசைப்படியே அடுத்த குழி வெட்டப்பட வேண்டும். கல்லறைகளைச் சாதிவாரியாகப் பிரிக்கும் திருச்சி மேலப்புதூர்ச் சுவர் ஊரறிந்தது. பேர் வெளிவராத சுவர்களும் வேலிகளும் கிராமங்களில் பல. அங்கே ஒரு வாசலுக்குத் தார்ச்சாலையும் இரும்புக் கதவும் இருக்கும். மற்ற வாசலுக்குக் கருவேல முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். பங்கின் தூம்பா கொட்டகையில் பூட்டிக் கிடக்கும்போது, காலனித் தெருவார் தங்கள் தாயை மூங்கில் பாடையில் சுமந்து போவார்கள். ஒரு சுவரை இடிக்க ஒரு ஜேசிபிக்கு அரைநாள் வாடகை போதும். வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் இது முடிய வேண்டும்.

2. திருவிழா

திருவிழா வரி எல்லாக் குடும்பங்களிடமும் ஒன்றாக வாங்கப்பட வேண்டும். தேர் எல்லாத் தெருக்களுக்கும் போக வேண்டும். வரி நோட்டில் ஒரு தெருவின் பேரே இல்லாமல் விடுவது சலுகை அல்ல, விலக்கிவைப்பு. வரி வாங்காத தெருவுக்குத் திருவிழாவில் பேச்சும் இல்லை, பங்கும் இல்லை என்று ஆகிவிடுகிறது. எறையூரில் 2008 மார்ச்சில் இந்தப் பிரிவினை கலவரமாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் கோயிலில் நடக்கும் பாகுபாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்திருக்கிறது. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் தேர்ப்பாதையைப் பங்குத்தந்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏதாவது ஒரு தெருவைத் தவிர்க்கும் தேர் கொட்டகையை விட்டே கிளம்பக் கூடாது.

3. பீடமும் பேரவையும்

பீடச்சிறுவர், வாசகம் வாசிப்போர், பாடகர் குழு, பங்குப் பேரவை, சேகரக் கமிட்டி ஆகிய எல்லாவற்றிலும் எல்லாத் தெருவாருக்கும் இடம் வேண்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவ அமர்த்தப்படும் பன்னிருவர் யார் என்பதை ஊரே பார்க்கிறது. சீடரின் காலைக் கழுவிய ஆண்டவரை நினைவுகூரும் அந்தச் சடங்கிலேயே சில கால்கள் ஆகாது என்றால், அன்றைய மறையுரைக்கு என்ன மதிப்பு? அந்தப் பட்டியல் தவக்காலத் தொடக்கத்திலேயே வெளியிடப்பட வேண்டும். பங்கின் சிறு குழுவான ஒவ்வோர் அன்பியமும் முறைவைத்து ஆட்களை அனுப்பட்டும். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, பங்குத்தந்தை முடிவெடுத்தால் போதும்.

4. குருமடமும் ஆயர் பொறுப்பும்

இந்தியக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பது ஆயர் பேரவையே ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் ஆயர்கள் பட்டியலைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-ல் கர்தினால் ஆனார். அப்பொறுப்புக்கு வந்த முதல் தலித் அவர்தான். ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் குருமட மாணவர், குருக்கள், துறவியர், நிறுவனத் தலைவர் ஆகியோரில் தலித் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஓர் இலக்கும் அறிவிக்க வேண்டும். “தகுதியானவர் கிடைக்கவில்லை” என்ற பதில் இனி செல்லாது. தகுதியானவரை உருவாக்கத்தானே குருமடம் இருக்கிறது.

5. பள்ளியும் வேலையும்

சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு மாணவர் சேர்க்கை இட ஒதுக்கீட்டிலிருந்து அரசியல் சாசனத்தின் 15(5) பிரிவு விலக்களிக்கிறது. சிறுபான்மையினரைக் காப்பதற்காக வந்த விலக்கு அது. சிறுபான்மைக்குள் மிகவும் நலிந்தவரை வெளியே நிறுத்த அதைப் பயன்படுத்தக் கூடாது. நம் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் சேர்க்கையிலும் வேலையிலும் தலித் கிறிஸ்தவருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற பங்கை நிர்வாகமே எழுதிவைத்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பணியிடத்துக்கு ‘டொனேஷன்’ வாங்கும் வழக்கம் முற்றாக நிற்க வேண்டும். அரசு சம்பளம் தரும் வேலையைக் கோயில் பேரில் விற்பதற்கு எந்தக் காரணமும் செல்லாது. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது இது நடைமுறையில் இருக்க வேண்டும்.

6. கணக்கு

காணிக்கை போடும் விதவையும் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர்தான். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 537, 1287 விதிகள் சொல்கின்றன. அத்தொகுப்பு வந்தது 1983-ல். தென்னிந்தியத் திருச்சபையில் தேர்தலும் சொத்தும் வழக்காகி, 2024-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்தது. வரவு செலவு, நிலப் பட்டியல், குத்தகை விவரம் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-க்குப் பிறகு மூன்று மாதத்துக்குள், தணிக்கை செய்யப்பட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

7. பிள்ளைகளும் பெண்களும்

ஒரு பிள்ளையின் மேல் நடந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மறைமாவட்டங்கள் ஓராண்டுக்குள் புகார் பெறும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று போப் பிரான்சிஸ் ஆணையிட்டது 2019-ல். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரை இடமாற்றம் செய்து விவகாரத்தை மூடுவது இனி கூடாது. ஒவ்வொரு கோயில், பள்ளி, விடுதி வாசலிலும் புகார்க்குழுவில் உள்ளவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேராவது வெளியாராகவும் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஒரு பெயின்ட் டப்பாவும் ஒரு கூட்டமும் போதும் என்பதால், இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் தரமாட்டோம்.

8. திருமணம்

சபைப் பத்திரிகைகளும் கோயில் திருமண மையங்களும் வரன் விளம்பரத்தில் சாதிப் பெயரை வாங்கக் கூடாது, அச்சிடவும் கூடாது. ‘ஆர்.சி.’ என்றோ ‘சி.எஸ்.ஐ.’ என்றோ எழுதி, பக்கத்திலேயே சாதியை எழுதி, அதற்கப்புறம்தான் பெண்ணின் படிப்பு வருகிறது. ஞானஸ்நானம் வாங்கிய சபையின் பேர் அங்கே சாதிக்கு முன்னொட்டாகச் சுருங்கிவிடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். ஆனால் கோயிலில் திருமண ஓலை வாசிப்பதற்கு முன்பே எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். வரதட்சணை வாங்கவில்லை என்று இரு வீட்டாரும் எழுதிக் கொடுத்த பிறகே ஓலை வாசிக்கப்பட வேண்டும். சாதி கடந்து மணக்க வரும் பிள்ளைகளைக் கோயில் அலைக்கழிக்கக் கூடாது. அடுத்த மாத இதழிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

9. அரசிடம்

பட்டியல் சாதியினர் ஆணை 1950-ல் பிறந்தது. அதன் மூன்றாவது பத்தி இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்தும் இஸ்லாமியத் தலித்தும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதத் தடையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றாமல், 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஒன்றிய அரசு அந்தப் பத்தியை நீக்கும் திருத்தத்தைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். ஆயர்களே, அந்த ஆணை பிறந்த ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து நீங்கள் மேடையேறி, “மதம் மாறியும் எம்மக்களைச் சாதி விடவில்லை” என்று சொல்வது சத்தியம். அந்தச் சாதி நம் கோயிலுக்குள்ளும் இருப்பதை அதே மேடையில் சொல்லி, அகற்றிய தடைகளின் பட்டியலையும் வாசியுங்கள். உங்கள் குரலுக்கு அப்போது டெல்லியிலும் எடை கூடும்.

10. எங்களிடம் நாங்களே கேட்பது

ஆயருக்குக் கெடு விதிக்கும் நாங்கள் எங்கள் வீட்டுக்கும் கெடு விதிக்கிறோம். இச்சாசனத்தில் கையொப்பமிடும் ஒவ்வொருவரும் இன்றிலிருந்து சாதிப் பெயரோடு வரன் தேடமாட்டோம். வரதட்சணை கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். ஒரு தெருவைத் தவிர்க்கும் தேருக்குக் காணிக்கை தரமாட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைக்கமாட்டோம். காலனி வீட்டுத் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் போய், அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இதற்கு எந்த ஆயரின் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை, காத்திருக்க ஒரு நாளும் வேண்டியதில்லை.

பதிலுக்கான கெடு

இச்சாசனம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் எழுத்தில் பதில் தர வேண்டும். அதை ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கவும் வேண்டும். குழு அமைக்கிறோம், ஆய்வு செய்கிறோம் என்ற பதில்களை நாங்கள் நிறையவே கேட்டுவிட்டோம். செய்ய வேண்டியது என்ன என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனவே கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறைவேற்றும் தேதியையும் பொறுப்பாளர் பெயரையும் எழுதுங்கள். தேதி இல்லாத பதிலை நாங்கள் பதிலாக ஏற்கமாட்டோம்.