செஸ் எஞ்சின் எவ்வளவு வேகம் என்பதா முக்கியம்? எதை முதலில் பார்க்கிறது என்பதா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். சமநிலையில் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55-வது நகர்வாக டிங் லிரென் ரூக்கை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அது தவறு என்பதை உடனே கவனிக்கவில்லை என்று குகேஷே பிறகு சொன்னார். ஆனால், நேரலை பார்த்தவர்களுக்கு எஞ்சின் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எப்படி?

எல்லா நகர்வுகளையும் பார்க்கிறதா?

இல்லை. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பும் தலா 4 முறை ஆடினால் வரக்கூடிய நிலைகள் சுமார் 2.25 லட்சம் கோடி! இங்கேதான் ‘ஆல்பா-பீட்டா’ முறை கைகொடுக்கிறது.

வாடகை வீடு தேடுவதைப் போலத்தான் இது. சுமாரான ஒரு வீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அடுத்த வீட்டில் தண்ணீரே வராது என்று தெரிந்துவிட்டால் சமையலறையை யார் பார்க்கப் போகிறார்கள்? தண்ணீரைப் பற்றி முதலில் கேட்பவருக்கு வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் கேட்பவர் மாடி ஏறி இறங்க வேண்டியதுதான். முடிவு ஒன்றுதான், உழைப்புதான் வேறு.

அதேபோல, எதிராளியின் பலமான பதிலடியை முதலிலேயே பார்த்துவிட்டால் மற்றவற்றை விட்டுவிடலாம். வரிசை கச்சிதமாக அமைந்தால் அந்த 2.25 லட்சம் கோடி, சுமார் 30 லட்சமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் முந்தைய தேடலில் சிறந்ததாகத் தெரிந்த நகர்வு, பெரிய காயை வெட்டும் நகர்வு ஆகியவற்றை எஞ்சின்கள் முன்வரிசையில் வைக்கின்றன.

வரிசை சரிதானா என்று எப்படி அளப்பது?

பதிலடி கிடைத்துத் தேடல் நின்ற இடங்களில், முதல் நகர்விலேயே நின்றவை எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். நல்ல எஞ்சின்களில் இது 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆழத்தை எட்ட எத்தனை நிலைகள், எவ்வளவு நேரம் ஆனது என்பதும் கணக்கில் வரும். ஆனால் இறுதித் தீர்ப்பு ஆட்டத்தில்தான். ஸ்டாக்ஃபிஷில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும், தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள்.

நமக்கு இதனால் என்ன?

1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்த சூப்பர் கம்ப்யூட்டர். செல்போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் அதில் சிறு பங்கைத்தான் பார்க்கிறது. ஆனாலும் அதைவிடப் பலமானது. தேவையில்லாததை விடத் தெரிந்ததும், 2020-ல் சேர்ந்த நியூரல் நெட்வொர்க் மதிப்பீடும் இதற்குக் காரணம். மென்பொருளும் இலவசம். ஆக, ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் செஸ் பழகும் மாணவருக்கும் சாதாரண போனே போதும். விலை உயர்ந்த கணினி கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ‘ஆழம் 30’ என்று இரண்டு எஞ்சின்கள் காட்டினால் இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை. எதை வெட்டுவது, எதை நீட்டிப் பார்ப்பது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. தவிர, எஞ்சின் எண்ணைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க பலகை முன் உட்காரத்தான் வேண்டும்.