உடலை எள்ளும் கதைகள்

இளையோர்க்கென எழுதப்பெறும் கதைகள் பலவற்றில் பருத்த மாணவன் தின்பண்டமும் கையுமாகத் தோன்றி நகைப்புக்கு இடமாகின்றான், கதைத்தலைவியோ கொடியிடையாள். இதனை விளையாட்டென்று விட்டுவிடல் தகாது. உடல் பெருக்குமென அஞ்சி நண்பகலுணவை ஒதுக்கும் மாணவியரைக் குருநகரில் நான் காண்கின்றேன்.

கொடியிடை பழம்புலவர் மரபன்றோ எனச் சிலர் வினவலாம். மெய்யே, ஆயினும் அம்மரபினுள்ளேயே மாற்றும் உண்டு. 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலை ஓர் இளநங்கையின் கதையன்றோ? அவள் அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது பலர் கொள்கை. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயுற்ற காயசண்டிகையைச் சாத்தனார் எள்ளினாரல்லர். மணிமேகலை கையால் அமுதூட்டி அந்நோயைத் தீர்க்கின்றார். பின்னர், உதயகுமரன் விழைந்த தன் எழிலுருவை மறைத்து, அக்காயசண்டிகையின் வடிவையே மணிமேகலை மேற்கொள்கின்றாள். அவ்வடிவிலேயே பசித்தோர்க்கு உணவிடுகின்றாள். காண்பார் கண்ணுக்கு விருந்தாதலினும் பசித்தார்க்கு உதவுதலே உடலின் சிறப்பு என்பதனை இதனினும் தெளிவாக எவர் கூறவல்லார்?

பருத்தவரைப் பற்றி எழுதற்க என்பது என் கருத்தன்று. அவர்க்கும் துணிவுண்டு, காதலுண்டு, கலக்கமுண்டு, அவற்றை எழுதுக. ஒடியற்கூழை ஒரே பானையினின்று பனையோலைப் பிளாவில் வார்ப்போர் குடிப்பார் இடையை அளந்து பார்ப்பதில்லை. எழுத்தாளர்க்கும் அந்நடுவுநிலை வேண்டும். ஆசிரியர்களே, மாணவர் கையிற் கதைநூலைத் தருமுன், அது எவரை நகைக்கின்றது என்று ஒருமுறை நோக்குங்கள்.