படகுக்குக் கத்தியா, பொம்மையா?

ஆணி பிடுங்கின நேரம் போக, சனிக்கிழமையானா சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுல பாய்மரப் படகு ஓட்டறவன் நான். படகுக்கு என்ன கத்தின்னு கேட்டா, பத்து சாமானை மடிச்சு வெச்ச கத்தியத்தான் எல்லாரும் கை காட்டுறாங்க. நானும் வாங்கித் தொலைச்சேன்.

போன மாசம் படகு கவுந்துச்சு. பாய்க்கயிறு கால்ல சுத்திக்கிச்சு. ஒரு கை படகைப் பிடிச்சிருக்கு. குளிர்ல மரத்துப்போன இன்னொரு கையால கத்திய விரிக்கவே முடியல. கூட வந்தவர்தான் தன் கத்தியால ஒரே இழுப்புல அறுத்துவிட்டார்.

அது பார்க்க மொக்கைக் கத்தி. மழுங்கின முனை, ஆடுற படகுல ஆளைக் குத்தாது. ரம்பப் பல், ஈரக் கயித்துல வழுக்காது. ஒரே கையால திறக்கும். உடம்போட கட்டியிருந்ததால கடலுக்குள்ள போகாது.

இறுகின முடிச்சை நெம்ப, ஷாக்கிளைத் திருக மார்லின் ஸ்பைக் வேணும்தான். கயிறு பின்ன ஃபிட்டும் வேணும். அதெல்லாம் பையில இருக்கட்டும். கத்தி உடம்புல இருக்கணும். ஸ்டெயின்லெஸ்தானேன்னு விட்டுடாதீங்க, உப்புத்தண்ணியில அதுவும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணியில கழுவுங்க.

டெமோவுல ஓடிட்டு ப்ரொடக்‌ஷன்ல படுத்துக்குற கோடும், அந்தப் பத்து சாமான் கத்தியும் ஒண்ணுதான் சாமி!

டிஸ்கி: ஏமாந்தவன் சொல்றேன், கடையிலேயே ஒரு கையால திறந்து பார்த்து வாங்குங்க :-)