அருகிலிருந்த தூக்குமேடை

செக் நாட்டு இதழாளர் ஜூலியஸ் பூசிக்கின் சிறைக்குறிப்புகளைத் தமிழ் வாசகர் அறிவர். 1943 செப்டம்பர் 8ஆம் நாள் நாஜிகள் அவரைப் பெர்லினில் தூக்கிலிட்டனர். இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 10ஆம் நாள், சென்னை மத்தியச் சிறையில் 26 வயது இளைஞர் ஒருவர் தூக்கிலேறினார். அவரே வக்கம் அப்துல் காதர். பெர்லினை அறிந்த நாம் சென்னையை அறியாதிருப்பது முறையன்று.

திருவிதாங்கூரின் வக்கத்தில் பிறந்து, பிழைப்பு நாடி மலாயா சென்ற காதர், அங்கு இந்திய விடுதலை இயக்கத்தில் இணைந்து பினாங்கில் பயிற்சி பெற்றார். 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து பிடிபட்டார். அவருடன் அனந்தன், சத்தியேந்திர பர்தன், பௌஜா சிங் ஆகியோரும் தூக்கிலிடப்பட்டனர். இந்துவும் முஸ்லிமும் ஒருசேரத் தூக்கிலேற வேண்டும் என்பதே காதரின் இறுதி விருப்பம் என்பர்.

அவரை ஏற்றி வந்த கப்பல் ஜப்பானியருடையது. ஜப்பானோ பூசிக்கைக் கொன்ற நாஜிகளின் நட்பு நாடு. இம்முரணை மறைத்தல் வேண்டா. காதர் வந்தது ஜப்பானுக்காக அன்று, தாய்மண்ணுக்காக. அடிமைப்பட்ட மக்கள் அனைவர்க்கும் எதிரி ஒருவனே அல்லன் என்பதை இவ்விரு மரணங்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

எண்ணூரிலிருந்து புறநகர் இரயிலில் சென்ட்ரல் செல்லும் மாணவர், அச்சிறை நின்ற இடத்தின் அருகேதான் இறங்குகின்றனர். 2009இல் அது இடிக்கப்பட்டது. இன்று அங்கு மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. மதில் மறைந்தபின் நினைவைக் காக்க எழுத்தே துணை. தூக்கிலேறுமுன் காதர் தம் தந்தைக்கு வரைந்த மடல், கடித இலக்கியமாக நம் தமிழ் வகுப்பறைக்கு வரவேண்டும். திரைப்படம் பின்னர் வரட்டும்.