குவாரிக் குத்தகைக்கு முன் வான்படத் தொல்லியல் வரைபடம்: எங்கள் நிலைப்பாடு

தாமிரபரணிப் படுகையில் கல்லோ சரளோ மண்ணோ எடுக்கப் புதிய குத்தகை தருமுன்பும், பழைய குத்தகையைப் புதுப்பிக்குமுன்பும், அந்த நிலத்தை வானிலிருந்து படமெடுத்து, தொல்லியல் தடயங்களைக் குறித்த வரைபடத்தை அரசு வெளியிட வேண்டும். வரைபடம் இல்லாத விண்ணப்பத்தை மாவட்ட நிர்வாகம் பரிசீலிக்கவே கூடாது.

நம் முன்னோர் நெல் விளையும் நிலத்தை விட்டுவிட்டு, உழவுக்கு ஆகாத மேட்டில் இறந்தவர்களைப் புதைத்தார்கள். இங்கே பரம்பு என்று சொல்லும் சரள் மேடு அதுதான். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் கிடப்பது பரம்பில், சிவகளையிலும் அப்படியே. சாலை போடவும் மனையை மேடாக்கவும் லாரிகள் தேடி வருவதும் அதே சரளைத்தான். அதனால்தான் இந்தப் படுகையில் குவாரியும் ஈமக்காடும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மோதுகின்றன.

1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தம், மத்திய அரசு பாதுகாக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை விதிக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. பட்டியலில் ஏறாத பரம்புக்கு அந்தச் சட்டத்தில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. சிவகளையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டு சொன்ன அந்த இடத்தில் 2020இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. தாழியொன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் அங்கே பொக்லைன் இறங்கியிருந்தால் அந்த நெல் ஏதோ ஒரு சாலைக்கு அடியில் போயிருக்கும். இப்படிப் போனவை எத்தனையோ என்ற வேதனையில்தான் இதை எழுதுகிறோம்.

வான்படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. மண்ணுக்குள் இருக்கும் தாழி மேலிருந்து தெரியாது. சாய்வெயிலில் எடுத்த படத்தில் கல்வட்டம், கற்குவை, தூர்ந்த குளக்கரை, பழைய வாய்க்கால் தடம் ஆகியவை நிழலால் துலங்கும். உடைமரமும் சீமைக்கருவேலமும் மூடிய இடத்தில் சாதாரண கேமராவுக்கு இலை மட்டுமே கிடைக்கும். அங்கே லேசர் கதிரால் தரையின் ஏற்றத்தாழ்வை அளக்கும் லைடார் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1995இல் பொதுவுக்கு வந்தன. குவாரிகள் பெருகுமுன் நிலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட அவற்றையும் தேட வேண்டும். ஐயம் தரும் ஒவ்வொரு இடத்தையும் தொல்லியல் துறையினர் நடந்து பார்க்க வேண்டும், ஆடு மேய்ப்பவர்களையும் உழவர்களையும் கூட்டிக்கொண்டு. பானை ஓடு எங்கே காலில் இடறும் என்பது அவர்களுக்குத் தெரியும். குன்றுகளில் நடந்து பார்ப்பது கட்டாயம்: சீவலப்பேரி அருகே மருகால்தலையில் குகை முகப்பில் வெட்டிய தமிழ்-பிராமி எழுத்தை எந்த ட்ரோனும் மேலிருந்து படிக்காது.

செலவு ஒரு காரணம் ஆகாது. இங்கிலாந்தில் 2002 முதல் ஜல்லி, மணல் மீது விதித்த வரியின் ஒரு பங்கை, குவாரி வரக்கூடிய நிலங்களின் தொல்லியல் வான்பட வரைவுக்கும் கொடுத்தார்கள். இங்கே குவாரிகளிடமிருந்து அரசுக்குச் சீனியரேஜ் கட்டணம் வருகிறது, அதிலிருந்து ஒதுக்கலாம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த பிறகுதான் அந்த மாவட்டக் குவாரிகள் முழுமையான சோதனைக்கு வந்தன. தொல்லியலிலும் அழிந்த பிறகு வந்து பார்க்கும் வழக்கம் வேண்டாம்.

குவாரி வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். பாதியில் தாழி வெளிப்பட்டு, வழக்கு வந்து வேலை நின்றால் முதலில் கூலியை இழப்பவர்கள் அவர்கள்தான்.

வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்ணுடன் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசித்து, ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் தர வேண்டும். அதுவரை எந்தப் பரம்பிலும் இயந்திரம் இறங்கக் கூடாது.