வெக்டர், அணி, நுண்கணிதம்: மூன்றும் ஒரே பாடமாக வேண்டும்

முதலாண்டுப் பொறியியல் கணிதம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டில் வெக்டர், அணி, நுண்கணிதம் ஆகிய பகுதிகளை இனியும் குறைக்கக் கூடாது. இன்று நடப்பதுபோல் அவற்றைத் தனித்தனித் துண்டுகளாகக் கற்பிக்கவும் கூடாது. வெக்டரில் தொடங்கி, அணி வழியே சென்று, பல மாறிகளின் நுண்கணிதத்தில் நிறைவடையும் ஒரே பாடமாக அவை அமைய வேண்டும். அந்தப் பாடத்தின் தேர்வு, மாணவர் கணக்கைப் போட்டு முடித்தாரா என்று பார்ப்பதோடு நிற்காமல், போட்ட கணக்கின் பொருளையும் அவரிடம் கேட்க வேண்டும்.

கல்லூரிக் கணித ஆசிரியர்களும் பொறியியல் துறை ஆசிரியர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, பாடத்திட்டக் குழுக்கள், தன்னாட்சிக் கல்லூரிகள், கணிதத் துறைகள் ஆகியவற்றின் முன் இந்த நிலைப்பாட்டை வைக்கிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200. அதில் 100 கணிதத்துக்கு உரியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. ஒரு மாணவர் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் சேர்கிறார் என்பதில் பாதிப் பங்கைக் கணிதமே தீர்மானிக்கிறது.

அவர் வெறுங்கையோடும் வருவதில்லை. 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த மாநிலப் பாடநூல்களில் வெக்டர் இயற்கணிதம், அணிகளும் அணிக்கோவைகளும், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் இருக்கின்றன. பகுதி வகைக்கெழுவின் அறிமுகமும் உண்டு. மூன்று பகுதிகளையும் ஓரளவு தொட்டுப் பார்த்த பிறகே மாணவர் கல்லூரிக்குள் நுழைகிறார்.

கல்லூரியின் வேலை இவற்றை இணைப்பது. நடப்பது வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயர் ‘அணிகளும் நுண்கணிதமும்’. அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடுகள் என்று அதில் ஐந்து அலகுகள். ஐந்தும் தேவையானவை, அவற்றில் எதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் வெக்டருக்குத் தனி அலகு இல்லை. 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் இரண்டாம் செமஸ்டரில் இருந்த வெக்டர் நுண்கணித அலகின் இடத்தில், 2021இல் புள்ளியியலும் எண்சார் முறைகளும் கொண்ட தாள் வந்தது. மின்காந்தப் புலங்களைக் கற்பிப்பவரும் பாய்ம இயக்கவியல் கற்பிப்பவரும் தங்கள் பாட நேரத்திலிருந்து சில வகுப்புகளைப் பிய்த்து வெக்டரைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தேர்வுமுறை இந்தப் பிளவை ஆழமாக்குகிறது. வினாத்தாள் அலகுவாரியாக வருகிறது. எந்த அலகை நன்றாகப் படிக்கலாம், எதை விட்டுவிட்டாலும் பாஸ் ஆகலாம் என்று மாணவர்கள் திட்டமிடுகிறார்கள். ஓர் அலகில் கற்றது இன்னோர் அலகில் பயன்படும் என்ற எண்ணமே எழாமல், மாணவர்கள் ‘எம்-ஒன்’ என்று சொல்லும் இந்த முதல் கணிதத் தாள் முடிந்துபோகிறது. சிலருக்கு அரியராக நீள்கிறது.

மூன்றும் ஏன் ஒரே பாடம்

இவை மூன்றும் வரலாற்றில் வெவ்வேறு வழிகளில் வந்தவைதான். லைப்னிட்ஸ் தம் வகை நுண்கணிதக் கட்டுரையை வெளியிட்டது 1684இல். அணிகளின் இயற்கணிதத்தை ஆர்தர் கேலி முறைப்படுத்தியது 1858இல். இன்று நாம் பயன்படுத்தும் வடிவில் வெக்டர் பகுப்பாய்வை யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ் தம் மாணவர்களுக்காக அச்சிட்டது 1880களில். தனித்தனியாகப் பிறந்ததால் தனித்தனி அத்தியாயங்களாக நின்றுவிட்டன. ஆனால் பொறியியலில் அவை எப்போதும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

அவற்றைச் சேர்க்கும் கருத்து எளியது. வளைந்து செல்லும் ஒன்றை, ஒரு புள்ளிக்கு மிக அருகில் நேரானதாக எடுத்துக்கொள்வதே வகையிடல். ஒரே மாறி என்றால் அந்த நேர்த்தன்மை ஓர் எண்ணில் அடங்கிவிடும், அதுதான் சாய்வு. பல மாறிகளும் பல விளைவுகளும் இருந்தால் ஓர் எண் போதாது. உள்ளே செலுத்தும் சிறு மாற்றம் ஒரு வெக்டர். அதனால் வெளியே விளையும் சிறு மாற்றம் இன்னொரு வெக்டர். முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருவது பகுதி வகைக்கெழுக்களால் ஆன ஓர் அணி, அதாவது யாக்கோபியன் அணி. பல மாறி நுண்கணிதத்தில் வகைக்கெழு என்பதே ஓர் அணிதான். இது புரிந்த மாணவருக்கு மூன்று பகுதிகளும் ஒன்றாகிவிடும். இன்றோ பெரும்பாலான மாணவர்களுக்கு யாக்கோபியன் என்பது மதிப்புக் கண்டுபிடித்து விடை எழுத வேண்டிய ஓர் அணிக்கோவை மட்டுமே.

2021 ஒழுங்குமுறையின் பாடத்திட்டத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, பெருமம்–சிறுமம் காண்பது. மாணவர்கள் ‘ஆர்-டி மைனஸ் எஸ் ஸ்கொயர்’ என்ற சோதனையை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு நிலப்பரப்பின் உயரத்தை இப்படிக் கணக்கிடுவோம்: கிழக்குத் தொலைவின் வர்க்கம், வடக்குத் தொலைவின் வர்க்கம், இரண்டு தொலைவுகளின் பெருக்கற்பலனைப்போல் நான்கு மடங்கு, இம்மூன்றின் கூடுதல். தொடக்கப் புள்ளியிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஏற்றம். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஏற்றம். ஆகவே அது பள்ளத்தின் அடி என்று தோன்றும். ஆனால் சரியாக வடமேற்கே நடந்தால் இறக்கம். சோதனையில் கிடைக்கும் எண் –12. ஆகவே அது சேணப் புள்ளி என்று மாணவர் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார். எந்தத் திசையில் இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது.

அந்த விடை அவர் முதல் அலகிலேயே படித்த ஒன்று. இதே உயரத்தை இருபடி வடிவமாக எழுதினால் அதன் அணியில் முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 1. ஐகன் மதிப்புகள் 3, –1. ஒன்று மிகை, ஒன்று குறை என்பதால் ஒரு திசையில் ஏற்றம், ஒரு திசையில் இறக்கம். –1க்கு உரிய ஐகன் வெக்டர் காட்டுவது அதே வடமேற்குத் திசையை. அணி அலகில் ‘இருபடி வடிவத்தின் இயல்பு காண்க’ என்று வரும் கேள்வியும் பல மாறி அலகில் வரும் சேணப் புள்ளிக் கேள்வியும் ஒரே கேள்வி. மாணவர் இரண்டையும் ஒரே செமஸ்டரில் போடுகிறார். இரண்டும் ஒன்று என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

இரண்டாவது, ஆய அச்சுகளை விட்டு ஆரம், கோணம் என்ற அளவுகளுக்கு இரட்டைத் தொகையீட்டை மாற்றுவது. அங்கே ஆரம் ஒரு பெருக்கெண்ணாக வந்து சேர்கிறது. ‘அதைச் சேர்க்க மறக்காதே’ என்று எச்சரிக்கிறோம். ஏன் சேர்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் போகிறோம். ஆரத்திலும் கோணத்திலும் ஒரே அளவு அகலமுள்ள இரு சிறு துண்டுகளில், மையத்துக்கு அருகில் உள்ளது சிறியது, தள்ளி உள்ளது பெரியது. அந்தப் பெருக்கம் எவ்வளவு என்று சொல்வதுதான் யாக்கோபியன் அணியின் அணிக்கோவை. பரப்பு எத்தனை மடங்காகிறது என்பதே அணிக்கோவையின் பொருள் என்று அணி அலகில் காட்டியிருந்தால், இந்த விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

இந்த இணைப்பின் பயன் பிந்தைய ஆண்டுகளில் தெரியும். கட்டடவியல், இயந்திரவியல் மாணவர்கள் ஒரு பொருளின் ஒரு புள்ளியில் உள்ள தகைவுகளிலிருந்து முதன்மைத் தகைவுகளைக் காண மோர் வட்டம் வரைகிறார்கள். இரு அச்சுத் திசைகளில் 90, 30 மெகாபாஸ்கல், ஷியர் தகைவு 40 மெகாபாஸ்கல் என்றால் வட்டத்தில் கிடைப்பவை 110, 10. 90, 40 ஒரு நிரையாகவும் 40, 30 மறு நிரையாகவும் உள்ள அணியின் ஐகன் மதிப்புகளும் 110, 10. முதலாண்டில் கற்றதைத்தான் வேறு பெயரில் செய்கிறோம் என்று அறிந்த மாணவர், முப்பரிமாணத் தகைவைக் கண்டு அஞ்ச மாட்டார்.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளுக்கு இது இன்னும் நேரடியானது. ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலான பின்பரவல் முறையில்தான் இன்றைய நரம்பியல் வலைப்பின்னல்கள் பயிற்சி பெறுகின்றன. அதன் கணிதம் சங்கிலி விதி. அங்கே சங்கிலி விதி என்பது ஒவ்வோர் அடுக்கின் வகைக்கெழு அணியையும் அடுத்த அடுக்கின் அணியோடு பெருக்கிச் செல்வது. வெக்டர், அணி, நுண்கணிதம் மூன்றும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் அது. கணிதத்தைக் குறைத்துவிட்டு இந்தப் பிரிவுகளை வளர்க்க முடியாது.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

‘கணினியே எல்லாவற்றையும் போட்டுவிடும், கையால் ஏன் போட வேண்டும்?’ இதில் பாதி உண்மை. பெரிய அணியின் நேர்மாறைக் கையால் காண யாரும் வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை. ஆனால் எந்த அணியை அமைப்பது, வந்த விடை நம்பத்தக்கதா, குறை ஐகன் மதிப்பு வந்தால் வடிவமைப்பில் என்ன கோளாறு என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளர்தான். கணினி வந்ததால் கணக்கிடும் உழைப்பு குறைந்திருக்கிறது. புரிந்துகொள்ள வேண்டிய கடமை கூடியிருக்கிறது.

‘தேர்ச்சி குறைவாக இருக்கிறது, ஆகவே பாடத்தைக் குறைக்க வேண்டும்.’ தோல்வியின் வலி எங்களுக்குத் தெரியும். முதலாண்டுக் கணித அரியர் ஒரு மாணவரின் தன்னம்பிக்கையை நான்கு ஆண்டுகளும் அரித்துவிடுகிறது. ஆனால் குறைக்கப்பட்ட பாடம் மூன்றாம் ஆண்டில் கட்டுப்பாட்டு அமைப்புகளிலும் கட்டமைப்புப் பகுப்பாய்விலும் மீண்டும் தலைகாட்டும். அப்போது கற்பிக்க நேரமும் இருக்காது, ஆளும் இருக்காது. தொடர்பற்ற ஐந்து பகுதிகளின் சூத்திரங்களை மனத்தில் ஏற்றுவதைவிட, தொடர்புள்ள ஒரு கருத்தைப் புரிந்துகொள்வது எளிது.

‘ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை.’ இது உண்மை. அதனால்தான் எங்கள் கோரிக்கைகளோடு, விட்டுக்கொடுக்கக் கூடியவற்றையும் சொல்கிறோம்.

கோரிக்கைகள்

1. முதல் செமஸ்டர் கணிதத்தின் முதல் இரண்டு வாரங்கள் வெக்டருக்கு வேண்டும். புள்ளிப் பெருக்கத்தை ஒரு திசையின்மேல் விழும் வீழலாகவும், சார்பின்மையை வரைபடம் வழியாகவும் கற்பிக்க வேண்டும். வெக்டர் நுண்கணிதத்துக்கு முதலாண்டுக்குள் மீண்டும் ஓர் இடம் வேண்டும்.

2. அணியை வெக்டர்களை மாற்றும் செயலாக அறிமுகப்படுத்திவிட்டு, அதன்பின் ஐகன் மதிப்புகளுக்குச் செல்ல வேண்டும். பல மாறி நுண்கணிதத்தில் வகைக்கெழுவை அணியாகக் கட்டாயம் காட்ட வேண்டும்.

3. வினாத்தாளில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண், விடையின் பொருளை விளக்கும் கேள்விகளுக்கும் இரு அலகுகளை இணைக்கும் கேள்விகளுக்கும் உரியதாக வேண்டும்.

4. வாரம் ஒரு மணி நேரம், 30 பேருக்கு மிகாத குழுக்களில் டுட்டோரியல் வகுப்பு நடக்க வேண்டும். மாணவர் கணக்குப் போட, ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும்.

5. 2021 ஒழுங்குமுறையின் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் நிரலாக்கமும் இடம்பெற்றது. நிரலாக்க ஆய்வகத்தின் சில பயிற்சிகள் கணிதத் தாளிலிருந்து வர வேண்டும். கட்டணமற்ற மென்பொருள்களே இதற்குப் போதும்.

6. 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது அண்ணா பல்கலைக்கழகம். 2021இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. இப்படி வருவோருக்குப் பள்ளியில் படித்த கலைச்சொல்லும் கல்லூரியில் கேட்கும் கலைச்சொல்லும் அருகருகே உள்ள கையேடு முதல் நாளே கையில் கிடைக்க வேண்டும். விளக்கம் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுத எல்லாருக்கும் உரிமை வேண்டும்.

7. பட்டயப் படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருவோர் இந்த முதலாண்டுத் தாளைப் படிப்பதில்லை. அவர்களுக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் முழுமையாகக் கணிதம் படிக்காமல் வருவோருக்கும், ஒரு செமஸ்டர் நீளும் இணைப்புப் பாடம் மதிப்பெண்ணோடும் கிரெடிட்டோடும் வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடியவை

கேலி–ஹாமில்டன் தேற்றத்தைக் கொண்டு மூன்று நிரை அணியின் நேர்மாறு காணும் நீண்ட கணக்குகள் ஒன்றிரண்டு போதும். தந்திரம் தெரிந்தால் மட்டுமே அவிழும் தொகையீடுகளைக் குறைக்கலாம். வளைவரையின் வளைவு ஆரம் போன்ற சூத்திரப் பயிற்சிகளைத் தேவைப்படும் துறைக்கு மட்டும் வைக்கலாம். இவற்றில் மிச்சமாகும் நேரம் வெக்டருக்கும் இணைப்புக் கேள்விகளுக்கும் போதுமானது. பாட நேரத்தைக் கூட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் நேரத்தை மாற்றி அடுக்கச் சொல்கிறோம்.

எங்கள் பொறுப்பு

கோரிக்கை வைப்பதோடு எங்கள் வேலை முடிவதாக நாங்கள் கருதவில்லை. இணைப்புக் கேள்விகளின் தொகுப்பு ஒன்றையும் அதற்கான மதிப்பீட்டு முறையையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, எந்தக் கல்லூரியும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தருவோம். கணித ஆசிரியரும் துறை ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து கற்பிக்கும் மாதிரி வகுப்புகளை, கேட்கும் கல்லூரிகளில் நடத்துவோம். பாடத்திட்டக் குழு அழைத்தால் அலகு வாரியான வரைவோடு வருவோம்.

தன்னாட்சிக் கல்லூரிகள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றின் பாடக்குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே முதல் மூன்று கோரிக்கைகளை எடுத்துக்கொள்ளலாம். கணித ஆசிரியர் ஒவ்வொருவரும் அதற்கும் முன்பே தொடங்கலாம்: வரும் இன்டர்னல் தேர்வில் ஒரே ஒரு சேணப் புள்ளிக் கணக்கைக் கொடுத்து, எந்தத் திசையில் இறங்குகிறது என்றும் கேளுங்கள்.